வெறும் வயிறு

ஆறு மணிக்கு பெர்ன்ஹில்லில் முதல் வீடு.
டேவிட்சன் வாத்தியார் நேற்றிரவு எட்டரைக்கே
இரண்டு இட்லியோடு வாயைக் கட்டிக்கொண்டார்.
ஆறேகாலுக்கு அழைக்கிறார்:
"ரெஜினாம்மா, ஒரு வாய் காப்பி மட்டும் குடிக்கலாமா?"
"தண்ணி மட்டும் சார். இதோ கிளம்பிட்டேன்."

கிளம்பவில்லை.
காந்தல் சந்தில், உறைபனி அப்பிய சீட்டை
சுடுதண்ணீரில் நனைத்த துணியால் துடைத்துவிட்டுப்
பொத்தானை அழுத்தினால்
கிளிக்.
மறுபடி அழுத்தினால்
அந்தக் கிளிக்கும் இல்லை.
கிக்கருக்கு வாங்கும்போதே பல் தேய்ந்திருந்தது,
உதைத்தால் காலடியில் வழுக்கிக்கொண்டு போகும்.

பேட்டரிதான், என்றான் பால் ஊற்றும் பையன்,
கேனை இறக்காமலேயே.
அது எங்கடா இருக்கு?
"எங்க வண்டியில சீட்டுக்கடியில. உங்களதுல தெரியலக்கா."

சீட்டைத் தூக்கினேன்.
மழைக்கோட்டு, ஊசி டப்பா, மடிப்பில் கிழிந்த ஆர்.சி. நகல்.
முன்பக்கத் தகட்டைக் கழற்றினேன்.
ஹாரனும் ஒரு செத்த சிலந்தியும்.
எண்பது வயசுக் கை, டயாலிசிஸ் கை,
வீறிட்டழும் குழந்தையின் புறங்கை,
எதிலும் விரலால் தடவியே நரம்பைப் பிடித்துவிடுகிறவள் நான்.
இரண்டரை மாதமாக இதன் மேல் உட்கார்ந்து போகிறேன்,
உயிர் எந்தப் பக்கம் என்று கேட்டதில்லை.

கடைசியில், கால் வைக்கிற இடம்.
ரப்பர் விரிப்பை உரித்தேன். நான்கு திருகுகள்,
ஒன்று மட்டும் வேறெங்கிருந்தோ வந்தது.
மூடியைத் தூக்கினால்
தினமும் சேற்றுச் செருப்போடு நான் மிதித்த இடத்தில்
செங்கல்லில் பாதி அளவுக் கறுப்புப் பெட்டி,
முனைகளில் வெள்ளையாய் உப்புப் பூத்து.

பக்கவாட்டில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.
ஆஸ்பத்திரிப் பிளாஸ்திரி. எனக்குத் தெரியாதா.
நீல மையில், அணிவகுப்பு போல நிமிர்ந்த எழுத்து:
சார்ஜ் 2/9
சார்ஜ் 17/9
சார்ஜ் 1/10
சார்ஜ் 16/10
சார்ஜ் 30/10

முப்பத்தொன்றாம் தேதிதான்
வெலிங்டன் சுபேதார் நஞ்சன்
ரூபாயை இரண்டு தடவை எண்ணிவிட்டுச்
சாவியைக் கொடுத்தார்.
"பேட்டரி ராஜா மாதிரி மேடம்."
அடப்பாவி மனுஷா.

அன்று பெர்ன்ஹில்லுக்கு நடந்தேன்.
வாத்தியார் ஏழு இருபதுக்குக் காப்பி குடித்தார்,
என்னிடம் பேசவில்லை.

சாயங்காலம் மைக் செட் யாக்கூப்
சார்ஜரை இரவல் கொடுத்தான்.
கழற்றும்போது கறுப்பு முதலில்,
மாட்டும்போது சிவப்பு முதலில்.
அரை ஆம்பியர் போதும்,
அவசரப்பட்டா வயிறு வீங்கிடும்.
வாயு வரும், ஜன்னலைத் திறந்து வை.

ஜனவரி ஊட்டியில் ஜன்னல் திறந்த ராத்திரி.
மகள் பெமினா இரண்டு ஸ்வெட்டர், குரங்குக் குல்லாய்,
அதற்கு மேல் கம்பளி, அதற்குள்ளிருந்து ஒரு குரல்:
"அதுக்குக் காத்து, நமக்குக் காய்ச்சலா?"

இரண்டு மணிக்கு ஃப்ரிட்ஜின் முனகல் நின்றது.
கண் திறந்தேன். சார்ஜரின் சிவப்புப் புள்ளி இல்லை.
எழுந்து என்ன செய்ய முடியும்?
ஆனாலும் எழுந்து அதன் பக்கத்தில்
மணையைப் போட்டு உட்கார்ந்தேன்,
இன்னும் ரிப்போர்ட் வராதவர் பக்கத்தில் உட்காருவதுபோல.
மூன்று பத்துக்குப் புள்ளி வந்தது.

விடிகாலையில் மீட்டர் முள்ளை வைத்தேன்.
பன்னிரண்டு புள்ளி நான்கு.
பன்னிரண்டு புள்ளி ஆறாவது காட்டணும் என்றிருந்தான் யாக்கூப்.
இருக்கட்டும். எனக்கே ஹீமோகுளோபின் ஒன்பது,
ஓடவில்லையா.

சிவப்பு. அப்புறம் கறுப்பு.
மூன்றாவது அழுத்தலில் வண்டி இருமி,
வெள்ளையாய் மூச்சு விட்டு நின்றது,
நிற்காமல் துடித்தது.

மூடும் முன் கோட்டுப் பையிலிருந்து பேனா எடுத்தேன்.
சாம்பிள் குழாயில் பேர் எழுதுகிற பேனா.
பிளாஸ்திரியில் இன்னும் இரண்டு வரிக்கு இடமிருந்தது.
சார்ஜ் 17/1.

திருகு மூன்றுதான் கிடைத்தது.
"வண்டியைக் கொடுக்கிறதா இருந்தா
எங்கிட்ட சொல்லுக்கா" என்றான் பால் பையன்.
"பேட்டரி எப்படி, நல்லா இருக்கா?"
எஞ்சின் சத்தத்தில் காது கேட்காதவள்போல்
எல்க்ஹில் பக்கம் திருப்பினேன்.
அங்கே ஒரு அம்மா
பதினோரு மணி நேரமாகப் பட்டினி.