எழுபத்தெட்டு மில்லிமீட்டர்

காலை ஏழு மணி. தோட்ட ஆபீசின் பின்பக்கம்
மழைமானியைக் கழற்றி அளவுக் குழாயில் ஊற்றுகிறேன்.
எழுபத்தெட்டு.
நேற்று நாற்பத்தொன்று, முந்தாநாள் அறுபது.
செம்பனைக்கு எப்போது உரம் போடுவது என்று
மேனேஜர் பார்ப்பதற்கான கணக்கு இது.
சனிக்கிழமைகளில் மட்டும்
ஜெராய் ஏறுகிறவர்களும் கேட்பார்கள்.

"மலை எப்படிக்கா இருக்கு?"

மலை இல்லை.
பீடோங் பஸ் ஸ்டாண்டுக்கு மேலே அது நிற்கவேண்டிய இடத்தில்
கஞ்சித் தண்ணி நிறத்தில் ஏதோ தொங்குகிறது.
கடல் மேகத்துக்கு முதல் சுமைதாங்கி அந்த மலைதான்,
வந்த பாரத்தை அங்கேயே இறக்கிவிட்டுத்தான் போகும்.

என் தம்பி செழியன் இருப்பது வேறு கடலோர மலையில்,
கனடாவில். பனியில் குழி வெட்டி
குழிச் சுவரை விரலால் குத்திப் பார்ப்பது வேலை.
இதற்குமா சம்பளம் என்று கேட்டிருக்கிறேன்.
நேற்றிரவு போனில் சொன்னான்:
பழைய பனியோடு புதுப் பனி ஒட்டலை,
நடுவுல சீனி கொட்டின மாதிரி ஒரு அடுக்கு,
மேலே நிக்கிறவனுக்குத் தெரியாது.
ஒரு ஆள் பாரம் போதும்.
இப்ப அதுமேல மழை வேற.

எங்களுக்குச் சீனி கிடையாது.
ஊறின மண், அடியில் வழுக்குப் பாறை,
இடையில் மாட்டிக்கொண்டு வழி தேடும் தண்ணீர்.
மூன்று நாளைக் கூட்டினால் நூற்றெழுபத்தொன்பது.

"போவாதீங்க."

போனில் ருத்ரேஸ்வரன், மோட்டார் பட்டறை வைத்திருப்பவன்.
ஒன்பது பேருக்கா, வேன் காசு கட்டியாச்சு,
நாசி லெமாக் வாங்கியாச்சு, வெயில் வேற அடிக்குதே.
அடித்தது. பொய்யில்லை.
ஸ்டோர் தகரத்திலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது.

போனார்கள்.

சம்பளப் பட்டியலில் ஒரே வரியை நான்கு தரம் கூட்டினேன்,
நான்கு விடை.
மூன்று மணிக்கு, ஆற்றுப்பக்கமிருந்து வந்த லோரிக்கார ஹமீடிடம்
தண்ணி என்ன நிறம் என்றேன்.
"தே ஓ" என்றான்.
தே தாரிக் ஆனால் சொல்லு என்றேன். சிரித்துவிட்டுப் போனான்,
நான் சிரிக்கவில்லை.

ஆறரைக்குப் படம் வந்தது.
உச்சியில் ஒன்பது பேர், ஒன்பது கட்டைவிரல்,
ஒருத்தியின் முழங்கால் வரை சேறு.
கீழே: ஒன்னும் ஆவலையேக்கா.

செழியனுக்கு அனுப்பிவைத்தேன்.
அங்கே நடுநிசி தாண்டியிருக்கும், ஆனாலும் பதில்:
இந்தப் படந்தான்கா எனக்குப் பயம்.
சரிவு சும்மா இருந்த நாளையெல்லாம்
அவனவன் தன் கெட்டிக்காரத்தனத்துல சேர்த்துக்கிறான்.

பதிவேட்டில் கடைசிக் கட்டம் குறிப்புக்கு.
யாரும் படிப்பதில்லை, அதனால் எழுதினேன்:
ஒன்பது பேர். இறங்கினார்கள்.

மறுநாள் ஞாயிறு, லீவு.
இருந்தும் ஏழு மணிக்குக் குடையோடு போனேன்.
தொண்ணூற்றிரண்டு.
போன் சட்டைப் பையில் பேசாமல் கிடந்தது.