காரணம்: காற்று

குணாளனின் முகம் எனக்கு அவ்வளவாகத் தெரியாது.
விடியுமுன் ஏறிவிடுவான்,
இருட்டியபின் இறங்குவான்.
பதினான்கு மாதமாய் எனக்கு அவன்
ஆறாம் அலைவரிசையில் ஒரு குரல்,
செந்தூல் வானத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு.

நான் கீழே.
பச்சைச் சட்டை, விசில், வாக்கிடாக்கி.
ஏத்து. இறக்கு. இடப்பக்கம். மெல்ல. நிறுத்து.
இந்த ஐந்து சொல்லை வைத்து
முப்பத்தோரு மாடி எழுப்பியிருக்கிறோம்.

வியாழக்கிழமை, பதினொன்று இருபது.
கான்கிரீட் வாளி பாதி வானில்.
வாசலில் மூன்று லாரி
வயிற்றைச் சுழற்றிக்கொண்டு.
கெடு தாண்டி எழுபத்து நான்கு நாள்.
நாளொன்றுக்கு எவ்வளவு அபராதம் என்பதைச்
சிவப்பு மையில் எழுதி
நாங்கள் கைகழுவும் குழாய்க்கு நேர் எதிரே
ஒட்டியிருக்கிறார்கள்.

மெல்ல, என்றேன்.
வாளி நின்றது.
மெல்ல, குணா.
பதில் இல்லை. மூச்சு மட்டும்.
ஓடிவந்தவனின் மூச்சு,
நாற்காலியில் உட்கார்ந்திருப்பவனிடமிருந்து.

"அண்ணே, கை என்னோடது மாதிரி இல்ல."

இதற்குச் சைகை கிடையாது.
பயிற்சியில் பதினேழு சொல்லிக்கொடுத்தார்கள்,
சான்றிதழ் பர்சில் இருக்கிறது.
வாளிக்கு அடியில் நின்ற ரஃபிகுலையும்
மற்ற நால்வரையும் விலக்கினேன்.
அதுவரை தெரிந்தது.
அப்புறம் ஒன்றும் தோன்றாமல் கேட்டேன்:
அங்கேர்ந்து என்ன தெரியுது?

மடத்தனமான கேள்வி.
ஆனால் சொன்னான்.
"எல்ஆர்டி வருது."
எத்தனை பெட்டி?
"நாலு... இல்ல, ஆறு."
அப்புறம்?
"மொட்டமாடியில ஒரு அம்மா மெத்த காயப்போடுது."
என்ன நிறம்?
"நீலம். அண்ணே, மூணு வாரமா தூக்கமில்ல.
கண்ண மூடுனா கயிறு அறுந்து விழுது.
சொன்னா எறக்கி விட்ருவாங்க."
மெத்தய திருப்பிப் போடுதா?
"இல்ல. சும்மா தட்டுது."

ஃபோர்மன் ஆ குவாய் ஓடிவந்தான்,
கைக்கடிகாரத்தைத் தட்டித் தட்டிக் காட்டினான்.
உள்ளங்கையை விரித்தேன், அவனுக்கு.
பதினேழில் ஒன்று உதவியது.

வாளியை இறக்க ஒன்பது நிமிடம்.
குணா ஏணியில் இறங்க இருபத்தைந்து.
ஒரு லாரி கெட்டியாகிப்போனது.

அன்றைய படிவம் என் பொறுப்பு.
கயிறு சரி, கொக்கி சரி, பிரேக் சரி.
நிறுத்தத்துக்குக் காரணம் என்று ஒரு கோடு,
ஒரு சொல்தான் கொள்ளும்.
காற்று, என்று எழுதினேன்.
அதே தாளின் மேலே, காலையில், நானே:
காற்று நொடிக்கு இரண்டு மீட்டர்.
கம்பெனிக் கொடி கம்பத்தோடு
ஒட்டிக்கொண்டு கிடந்த நாள்.
மூன்று பேர் கையெழுத்துப் போட்டார்கள்.

மாமாக் கடையில்
மைலோ ஐஸைக் குடிக்காமல் கிளறிக்கொண்டிருந்தான்.
பகலில் பார்ப்பது அதுதான் முதல் தடவை.
இடது புருவத்தில் ஒரு பழைய வெட்டு.
குரலைவிட வயது குறைவு.
"என்னன்னு எழுதுனீங்க?"
காத்து.
சிரிப்பான் என்று நினைத்தேன்.
"அடுத்த தடவயும் காத்தா?"

கிளினிக்கில் பத்து நாள் விடுப்பு கொடுத்தார்கள்.
டாக்டர் எழுதிய காரணத்தைப்
பாதுகாப்பு அதிகாரி ஹஸ்னுல் இரண்டு முறை படித்தார்.
கோப்பை என்னிடம் நீட்டினார்.
ஒன்றும் சொல்லவில்லை.
காற்றை ஒரு கோடு போட்டு அடித்தேன்.
பக்கத்தில் இடமில்லை. ஓரத்தில், சாய்வாக:
ஆள் மூன்று வாரமாய்த் தூங்கவில்லை.

திங்கட்கிழமை கூண்டில் ஜெராண்டுட்காரர் ஒருவர்.
கயிறு? ஓகே.
கொக்கி? ஓகே.
பிரேக்? ஓகே.
ராத்திரி தூங்கினீர்களா, என்று மலாயில் கேட்டேன்.
அது எல்லோர் காதிலும் விழும் அலைவரிசை.
கரகரப்பு. யாரோ செருமினார்கள்.
பிறகு, மேலேயிருந்து அல்ல,
பின்கட்டிடத்து லிஃப்ட் ஓட்டும் மியன்மார்ப் பையன்,
உடைந்த மலாயில்:
நானும் தூங்கல.

ஏத்து என்று சொல்ல வேண்டிய நேரம்.
விசில் வாயில்.

நீங்க, என்று கேட்டான் அவன்.