நான்காவது படகு

லெவ்காஸின் வெள்ளைப் பாறைக்குக் கீழே
ஆறு படகுகள். நான்காவது என்னுடையது.
ஆண்டுக்கொருமுறை துடுப்பை மடியில் கிடத்தி
அண்ணாந்து பார்த்திருக்க
ஊர் எனக்கு மூன்று காசு தருகிறது.

மேலே அப்போலோவுக்குப் புகை.
குழலோசை காற்றில் பாதிதான் இறங்கிவரும்.
இந்த ஆண்டு மிக்கோன்.
கோயில் வெண்கலத்தைத் திருடினானாம்.
திருடியிருக்கலாம்.
மீன்குடலுக்காகச் சந்தையில் நாய்களோடு நிற்பவன்
அதை யாரிடம் விற்றான் என்று
ஒருவரும் கேட்கவில்லை.

விடியலிலேயே ஊர் தன் சுமையை
அவன்மேல் ஏற்றி முடித்துவிட்டது.
என் பங்கும் உண்டு:
போன குளிர்காலம், ஃபிலோதாஸின் வலையிலிருந்து
இருட்டில் நான் எடுத்த ஏழு மீன்கள்.
அதே ஃபிலோதாஸ்தான் இப்போது
என் எதிரே உட்கார்ந்து கொட்டாவி விடுகிறான்.

தோளில், முழங்கையில், இடுப்பில்
இறகுக் கொத்துகள் கட்டினார்கள்,
உயிரோடு பன்னிரண்டு புறாக்களையும்
இரண்டு கடற்காகங்களையும்.
விழட்டும், மெல்ல விழட்டும்.
கொல்ல மனம் வராத ஊர் எங்களுடையது.
வைத்துக்கொள்ளவும் வராது.

தள்ளினார்கள்.
ஒரு கணம் அவன் மனிதனாக இல்லை,
திசைக்கொன்றாய் இழுக்கும் பதினான்கு பறவைகளின்
சண்டையாக இருந்தான்.
பிறகு தண்ணீர்.

ஃபிலோதாஸ் தலைமுடியைப் பிடித்தான், நான் அக்குளை.
இடது பாதம் திரும்பக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது.
மூன்று புறாக்கள் அவனுக்கடியில் சிக்கிச் செத்திருந்தன.
"அறுத்துவிடு" என்றான்.
மீன்கத்தியால் ஒவ்வொரு முடிச்சாக அறுத்தேன்.
விடுபட்டவை
நேரே ஊரைப் பார்த்துப் பறந்தன.
அவற்றின் கூடு அங்கேதான்.

மாலைக்குள் எல்லை தாண்டி
அக்கரைக் கூழாங்கற்களில் இறக்கினோம்.
திரும்பிப் பார்க்கக்கூடாது என்பது விதி,
அவனுக்கா எங்களுக்கா என்று
யாரும் சொல்லித்தரவில்லை. நான் பார்த்தேன்.
காலை நீட்டி உட்கார்ந்து
உடம்பில் ஒட்டிய இறகுகளைப் பிய்த்து
பெரிது, சிறிது என்று
தனித்தனியே அடுக்கிக்கொண்டிருந்தான்,
விற்கப் போகிறவனைப் போல.

படகடியில் மிஞ்சியதை
திமாரெதா கழுவிக் காயவைத்துத்
தலையணையில் திணித்தாள்.
நல்ல இறகு, எறிவானேன் என்றாள்.
எவ்வளவு வெயில் காட்டியும்
உப்பு வாடை போகவில்லை.

நாளையும் ஃபிலோதாஸோடு கடலுக்குப் போக வேண்டும்.
ஏழு மீன்.
பெரிய மீன்கூட இல்லை.