முப்பத்தைந்தில் ஒன்று

பகலில் நான் பல் செய்கிறவன்.
மார்த்தாண்டம் மேம்பாலத்தை ஒட்டிய இரண்டாம் மாடி,
ஜன்னல் உயரத்தில் பஸ் போகும்.
இன்று வந்தது குளச்சல்காரி ஒருத்தியின் முன்பல்.
டாக்டர் சீட்டில் எழுதியிருந்தார்:
“வெள்ளை வேண்டாம். பக்கத்துப் பல்
வெற்றிலை போடும்.”
புதுப் பல்லில் நாற்பது வருடக் கறையை
தூரிகை நுனியால் ஏற்றி
சூளையில் வைத்து எடுத்தேன்.

இரவில் அதே கை
சென்சூரியன் டாங்கியின் பக்கத்தகட்டில்
துரு ஏற்றுகிறது.
துரு எல்லா இடத்திலும் வராது.
பூட்ஸ் மிதிக்கிற விளிம்பில் வரும்.
மூடியைத் தூக்கக் கை பிடிக்கிற இடத்தில்
பெயின்ட் தேய்ந்து இரும்பு மினுங்கும்.
ஆணித்தலையிலிருந்து மழை ஒழுகின தடம்
மேலே கொஞ்சம் தடிப்பு,
கீழே வரவர இல்லாமல் போகணும்.
பல்லும் அப்படித்தான்,
எங்கே கடிபடுமோ அங்கேதான் வயசு.

சங்கிலிக்கு ஒரு பக்கம் நூற்றெட்டுக் கண்ணி.
“நூத்தெட்டா? எந்தக் கோயிலுக்கு நேர்ச்சை?”
என்றாள் பெல்சி, ஜெபக்கூட்டத்துக்குப் புறப்பட்டபடி.

எதையும் முப்பத்தைந்தால் வகுத்துப் பார்ப்பது
எனக்குப் பழகிவிட்டது.
மாத்தூர் தொட்டிப்பாலம் மூன்றேகால் அடி,
என் இடுப்பு உயரம்.
கூட்டுறவு வங்கியில் நகைக்கடன்
ஒரு லட்சத்து நாற்பதாயிரம்:
வெறும் நாலாயிரம்.
பெல்சியின் கோபம் மட்டும்
எந்த அளவிலும் சின்னதாகவில்லை.
ஜப்பான் பெட்டி வந்த அன்று
சுங்கவரி கட்டிக் கையெழுத்துப் போட்டது அவள்தான்.

இது ஆனி. மூன்று நாளாகச் சாரல்.
ஸ்ப்ரே அடித்தால் பெயின்ட் பால் பூத்தது போல வெளுக்கிறது.
“எங்க புகைப்புரையில தொங்கப் போடும் ஓய்,
ஷீட்டோட ஷீட்டா காயட்டு”
என்கிறான் எதிர்வீட்டு ராபின்சன்.

உள்ளே எல்லாம் செய்தாயிற்று.
டிரைவர் இருக்கை, குண்டு அடுக்கும் தட்டு,
வெள்ளையடித்த சுவர்,
தேநீருக்கு வெந்நீர் வைக்கிற ஒரு பெட்டி.
மேல்கூட்டை ஒட்டினால் யாரும் பார்க்கப் போவதில்லை.
ஆனாலும் பெட்டியின் ஓரத்தில்
வழிந்த கறை ஒன்று வைத்தேன்,
குளச்சல்காரிக்கு வைத்த அதே நிறம்.

அலமாரியில் வைத்தபோது வந்தது சிக்கல்.
குழல் வாசலைப் பார்த்தது, வருகிறவர்கள் மேல்.
கொஞ்சம் திருப்பினேன்: இயேசு படம்.
இன்னும் கொஞ்சம்: ஷைனி படிக்கிற மேசை.
ஜன்னல் பக்கம் ராபின்சன் வீட்டு அடுக்களை.
“இது யாரத்தான் பாக்குது?”
பெல்சி நின்றாள், ஈரத்துணி தோளில் கிடக்க.
எந்தப் போர், எந்தப் பாலைவனம்,
எல்லாம் வாய்வரை வந்தது.
சொல்லவில்லை.

செய்முறைத் தாளை மறுபடி விரித்தேன்.
இருபத்தேழாம் பக்கத்து மூலையில் ஒரு சின்னப் படம்:
நெடும்பயணத்தில் பீரங்கி பின்னோக்கித் திரும்பியிருக்கும்.
பின்தளத்தில் ஒரு கவட்டை அதைத் தாங்கிப் பூட்டிக்கொள்ளும்.
‘விரும்பினால் மட்டும்’ என்று போட்டிருந்தது.
அந்தக் கவட்டையின் கொளுவிதான்
போன மாதம் இடுக்கியிலிருந்து தெறித்துப் போனது.
கட்டாயமில்லையே என்று
தேடாமல் விட்டிருந்தேன்.

பல்லுக்குக் கம்பி கட்டுகிற ஸ்டீல் ஒயர்,
புள்ளி நாலு மில்லி.
வளைத்தேன். தெறித்தது.
டார்ச் அடித்துத் தரையில் தவழ்ந்து எடுத்து
மறுபடி வளைத்தேன்.
ராத்திரி ஒன்றரைக்கு
கிளிக் என்று உட்கார்ந்தது குழல்.
ஷைனி தூக்கத்தில் ஒரு தடவை புரண்டாள்.

இப்போது அது சுவரைப் பார்க்கிறது,
காரை பெயர்ந்து சாரல் ஊறிய சுவரை.
கொளுவிக்கு மட்டும் இன்னும் பெயின்ட் அடிக்கவில்லை.
வெயில் வரட்டும்.