உறிஞ்சும் பக்கம்

சம்மாந்துறை வட்டைக்குள்
மூன்றாம் நாளும்
முக்கால் மணிநேரம் உழுதுவிட்டு நின்றது குபோட்டா.
நிலத்தில் ஒரு சொட்டு டீசல் இல்லை.

கட்டாரிலிருந்து இவர்:
"பம்ப் போயிற்று. வித்துப் போடு.
ஜவுபர் கேட்டுக்கொண்டுதான் இருக்கான்."

பில்டர் மாற்றினேன்.
காற்றுத் திருகைத் தளர்த்தி
நுரை தீரும்வரை
விரல் எரிய எரிய அமுக்கினேன்.
ஓடும். மறுகா
வரம்பில் திரும்புகிற இடத்தில் இருமி
அணையும்.

ஒழுகினால் இடம் தெரியும்.
இது இழுக்கிற பக்கம்.
இங்கே ஓட்டை விழுந்தால்
எண்ணெய் வெளியே வராது
காற்று உள்ளே போகும்.
பார்க்கிறவருக்கு எல்லாம் உலர்ந்து, துப்புரவாய்.

எனக்கு ஆஸ்பத்திரி வார்டில் வேலை.
சளி உறிஞ்சும் மெசினின்
கழித்துப்போட்ட குழாய், ஒரு முழம்,
கண்ணாடிபோல் தெரிவது.
கழுவிக் கொண்டுவந்து
பில்டருக்கும் பம்புக்கும் நடுவே பூட்டினேன்.
குமிழி.
டாங்கிக்கும் பில்டருக்கும் நடுவே மாற்றினேன்.
அங்கேயும்
குன்றிமணி குன்றிமணியாய்.

இனி மிச்சம் டாங்கியின் தலைதான்.
அங்கே, இவர் பயணம் போன கிழமை
முடுக்கிவிட்டுப் போன கிளிப்.
இறுக்கம் குறையவில்லை.
கூடி
றப்பரை வெட்டியிருந்தது.

இரண்டு விரற்கடை நறுக்கி எறிந்தேன்.
புதுக் கிளிப் நூற்றெண்பது ரூபாய்.
ஹோஸ் சுழலாமல் நிற்குமளவு முடுக்கி
கையை எடுத்துக்கொண்டேன்.

இரண்டாம் ஏக்கர் முடியப் போகையில் போன்.
"வித்திட்டியா?"
புகைக்குழாய்ப் பக்கம் நீட்டிப் பிடித்தேன்,
கேட்கட்டும்.

கிளிப்பைப் பற்றி
இன்னும் சொல்லவில்லை.