தேனி வண்டி, பின்சீட்டு

ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தில்
கண்டெடுத்த பொருள்கள் பதிவேடு,
பக்கம் அறுபத்திரண்டு:
'பென் டிரைவ் ஒன்று. கறுப்பு. மூடி இல்லை.
தேனி வண்டி, பின்சீட்டு.'
கீழே என் கையெழுத்து.

மூன்று மாதம் யாரும் கேட்டு வரவில்லை.
நாலாம் மாதம் இரவுப் பணியில்
அறிவிப்பு அறைக் கணினியில் செருகினேன்.
நாற்பத்தோரு பாட்டு. எதற்கும் பெயர் இல்லை,
வெறும் எண்கள், தடம் எண் மாதிரி.

முதல் பாட்டில்
பியானோ நாலு எட்டு நடந்துபோய்த்
திரும்பிப் பார்க்கிறது.
அவள் இன்னும் வரவில்லை.
எனக்குப் பதறுகிறது.
பன்னிரண்டு வருஷமாக நேரத்துக்கு
வண்டி அனுப்புகிற வாய் இது.
பிறகு வருகிறாள்.
ஓடிவந்து தொற்றிக்கொள்கிறவள் போல இல்லை,
வண்டி தனக்காக நிற்குமென்று
தெரிந்தவள் போல.

இங்கிலீஷ் எனக்குப் பாதிதான் பிடிபடும்.
நிலா என்கிறாள், மழை என்கிறாள்,
நீ என்பதை மட்டும் ஓயாமல்.
கம்பம் வண்டி நடத்துனர் ஜெபமணி
டீயோடு உள்ளே வந்தவர் நின்று கேட்டார்.
அவர் சித்தப்பா கல்யாண பேண்டில்
சாக்ஸபோன் ஊதியவர்.
'இது ஜாஸ் தமயந்தி.
இதெல்லாம் அங்கே எல்லாரும் பாடின பாட்டு,
ஆளாளுக்கு ஒரு தட்டு போட்டிருக்காங்க.'

எல்லாரும் பாடினதா?
அப்படியென்றால் புரிகிறது.
செக்கானூரணி, உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி.
இந்த நாலு ஊரையும்
எத்தனை வாய் கூவியிருக்கும்.
எனக்கு முன்னால் தங்கப்பாண்டி சார்,
அவருக்கு முன்னால்
தகரக் குழாய் பிடித்த யாரோ.
ஊர் அதேதான். வரிசையும் மாறாது.
உசிலம்பட்டியை எங்கே இறக்கிவைப்பது,
ஆண்டிபட்டிக்கு முன்னால் எவ்வளவு மூச்சு,
அது மட்டும்தான் அவரவருடையது.

பத்தொன்பதும் முப்பதும் ஒரே பாட்டு.
இடையில் எத்தனை வருஷமோ.
முன்னதில் அந்த மேல் சுரத்தை
மாடிப்படி இரண்டிரண்டாகத் தாவிப் பிடிக்கிறாள்.
பின்னதில் ஏறவே இல்லை.
கீழேயே நின்று
அண்ணாந்து பார்க்கிறாள்.
பார்ப்பது கேட்கிறது.
எனக்குப் பின்னதுதான்.

இரண்டாம் சரணத்துக்கு முன்
அவள் மூச்சை இழுப்பது
அப்படியே இருக்கிறது, யாரும் வெட்டவில்லை.
அந்த ஒலிப்பதிவுக்காரன் நல்லா இருக்கட்டும்.

மைக்கில் மூச்சு விழக்கூடாது என்று
வேலைக்குச் சேர்ந்த அன்றே சொன்னார்கள்.
துணி சுற்றினேன்.
முகத்தைத் திருப்பி இழுத்துக்கொண்டேன்.
பன்னிரண்டு வருஷமாக இந்த ஊருக்கு
நான் மூச்சே விடாத பொம்பளை.

நேற்று இரவு ஒன்று நாற்பது.
'உசிலம்பட்டி' என்றேன்.
நின்றேன்.
பாலத்தில் ஒரு லாரி
ஹாரன் அடித்து ஓயும் வரை நின்றேன்.
இழுத்த மூச்சு
எல்லா ஒலிபெருக்கியிலும் கேட்டது.
கட்டணக் கழிப்பறை வாசலில்
சில்லறை அடுக்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.
அப்புறம்தான் 'ஆண்டிபட்டி',
அது எங்கேயும் ஓடிவிடாது என்கிற மாதிரி.

நேரக் காப்பாளர் கிருபாகரன்
கதவைத் தட்டிவிட்டு வந்தார்.
'உடம்புக்கு என்னம்மா?'
'ஒன்றுமில்லை சார், மைக்கில் தூசு.'
வண்டி இரண்டு நிமிஷம் பிந்திப் போனது.
மெமோ வரலாம்.

யாராவது வந்து கேட்டால்
கொடுத்துவிடுவேன்.
அடையாளம் சொல்லச் சொல்வேன்:
முப்பதாம் பாட்டில் அவள் எங்கே ஏறவில்லை?
சரியாகச் சொன்னாலும்
ஒரு ராத்திரி தவணை கேட்பேன்.

அதுவரை தூசி படாமல் இருக்க வேண்டும்.
மூடி மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று
டவுன்ஹால் ரோட்டில்
விசாரிக்க வேண்டும்.