மேலூரில் எந்தப் பக்கம்

வில்லாபுரம் ஹவுசிங் போர்டு,
புரோக்கர் காட்டிய நான்காவது வீடு.
மோட்டார் உண்டு, துணி காயப்போடக் கொடி உண்டு.
"சொந்த ஊரு?"
"மேலூர்."
"மேலூர்ல எந்தப் பக்கம்?"
பக்கம் என்றால் திசையில்லை என்பது
ஆறாம் வகுப்பிலேயே தெரியும் எனக்கு.

கண்ணாஸ்பத்திரியில் வேலை.
கனத்த ஃபிரேமை மூக்கில் மாட்டி
வில்லை மாற்றி மாற்றிக் கேட்பேன்,
இது தெளிவா, அது தெளிவா.
இன்று அவர் மாட்டுகிறார்.
பேரு மெஹர் தங்கம். ஒரு வில்லை.
அப்பா காதர் மைதீன். இன்னொன்று.
அம்மா உசிலம்பட்டியா? கழற்றிவிட்டு வேறு.
நெற்றியைப் பார்க்கிறார், கழுத்தைப் பார்க்கிறார்.
"கறி சமைப்பீங்களா?"
"வெந்நீரையே தீயவிடுவேன் சார்."
புரோக்கர் மட்டும் சிரித்தார்.

என் ஆதாரைக் கை நீளத்துக்குப் பிடித்து
சன்னல் வெளிச்சத்தில் சாய்க்கிறார்.
இடது கண்ணில் புரை, நன்றாக முற்றியிருக்கிறது.
ஆவி படிந்த கண்ணாடிக்குள் இருப்பதுபோலத்தான்
நான் தெரிவேன் அவருக்கு.

இடதுகைக்காரி,
இடிச் சத்தத்துக்கு நடுங்குகிறவள்,
கடன் வாங்கினால் தூங்காதவள்,
மூன்றாம் தேதிக்குள் வாடகை தருகிறவள்.
இதற்கெல்லாம் வில்லை இல்லை அந்தப் பெட்டியில்.

"நம்மாளுக யாராச்சும் வந்தா
குடுக்கலாம்னு..."
"சரி சார். இடது கண்ணைக் காட்டிருங்க, தள்ளிப்போடாதீங்க."
"அங்க டாக்டரு நம்மாளா?"

கண்ணை மட்டும் விட்டு
பச்சைத் துணியால் முகத்தை மூடிவிடுவோம்,
யாராயிருந்தாலும்.
சொல்லவில்லை.

கீழே புரோக்கர் வண்டியை உதைத்தார்.
"அனுப்பானடில ஒண்ணு இருக்கு.
அங்க தங்கம்னு மட்டும் சொல்லும்மா."
அப்ப பாதி அட்வான்ஸ் போதுமாண்ணே,
என்றபடி ஏறி உட்கார்ந்தேன்.